பிளேடு போட்ட பக்கங்கள்

கல்லூரி நூலகங்களில் காணாமல் போகும் புத்தகங்கள், சிதைக்கப்படும் புத்தகங்கள் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கிறது. ரெஃபரன்ஸ் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு வேண்டிய அத்தியாயம் மட்டும் இல்லை. பிளேடால் அளவெடுத்து அறுத்திருக்கிறார்கள். இவர்களுக்கு மனசாட்சியே கிடையாதா?
— பொறியியல் மாணவி, ராஜாஜிநகர்

பதில்: மனசாட்சியெல்லாம் இருக்கும். அதைவிடப் பெரிதாக இன்டர்னல்ஸ் மார்க் கண்முன்னே நின்றிருக்கும். இந்த வேலையைச் செய்தவர் அநேகமாக உங்கள் வகுப்பிலேயே இரண்டு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்திருப்பார். போன பக்கங்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பாடத்திட்டத்தில் உள்ள அத்தியாயம்தான் அறுபட்டிருக்கும். அடுத்த அத்தியாயம் யாரும் புரட்டாமல் புதுக்கருக்கோடு இருக்கும். விற்பதற்காக யாரும் இப்படி எடுப்பதில்லை.

நூறு பேர் படிக்கும் வகுப்புக்கு இரண்டு பிரதி. அதுவும் வீட்டுக்குத் தராத பிரிவில். ஜெராக்ஸ் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆபரேட்டர் சாப்பிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

நகலெடுக்கக் கட்டுப்பாடு ஏன் என்று கேட்டால் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டுவார்கள். அந்தப் பயம் பாதிக்கு மேல் தேவையற்றது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு நகலெடுத்துத் தருவது, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவில்தான் நகல் எடுக்கப்பட்டதா என்பதை விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. பதிப்பகங்கள் 2017இல் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் நூலகத்துக்குள்ளேயே மலிவாக, உடனடியாக நகல் கிடைக்க வழி செய்வதற்குத் தடையும் இல்லை. ஜெராக்ஸ் மெஷின் எப்போதும் ஓடுகிற நூலகத்தில் பிளேடுக்கு வேலை குறைவு.

அந்தப் புத்தகத்தை இன்றைக்கே கவுன்டரில் காட்டுங்கள். "நாம்தான் அறுத்தோம் என்று நினைத்துவிடுவார்களோ" என்று பயந்து அப்படியே திரும்ப வைத்துவிடுபவர்கள்தான் அதிகம். நூலகர் நினைத்தால் டெல்நெட் மாதிரியான கூட்டமைப்பு வழியாக வேறு நூலகத்திலிருந்து அந்தப் பக்கங்களின் நகலை வாங்கலாம். அமிலமில்லாத தாளில் அச்செடுத்து, தையலோரம் எஞ்சியிருக்கும் விளிம்பில் கோதுமை மாவுப் பசையால் ஒட்டிவிடலாம். செலோடேப் மட்டும் கூடவே கூடாது. சில வருடங்களில் பிளாஸ்டிக் காய்ந்து உரிந்துவிடும். பசை பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும். பிளேடு செய்ததைவிட மோசமான சேதத்தை ஆசையாய்ப் போட்ட செலோடேப் செய்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கம்ப்யூட்டரில் "உள்ளே இருக்கிறது" என்று காட்டுகிறது. அலமாரியில் இல்லை. திருட்டுத்தானே?
— எம்.காம். மாணவர், ஸ்ரீராமபுரம்

பதில்: தேர்வுக் காலமென்றால் முதலில் ஒளித்துவைப்பைச் சந்தேகியுங்கள். கார்டில் இனி எடுக்க முடியாது, நாளைக்கும் வேண்டும். அதனால் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் கன்னட நாடகங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். வரிசைக்குப் பின்னால் உள்ள இடைவெளியிலும் அலமாரியின் மேல்தட்டிலும் கைவிட்டுப் பாருங்கள். ஊழியர்கள் தினமும் காலையில் சில அலமாரிகளையாவது எண் வரிசைப்படி சரிபார்த்தால் இதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஆள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படுவது இந்த வேலைதான்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் சுமார் 18,000 புத்தகங்கள். மூன்று வருடம் கழித்து ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்தோம். 64 புத்தகங்கள் இல்லை. என் சம்பளத்தில் பிடிக்கப்போவதாக நிர்வாகம் சொல்கிறது. இது நியாயமா?
— கல்லூரி நூலகர், பனசங்கரி

பதில்: நியாயமில்லை. ஆனால் நியாயமில்லை என்று வாயால் சொன்னால் நிர்வாகம் கேட்காது, தாளில் காட்டுங்கள்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதியைப் படியுங்கள். ஆண்டில் வழங்கப்பட்ட, எடுத்துப் பார்க்கப்பட்ட புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை காணாமல் போவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது அது. கவனக்குறைவோ நேர்மைக் குறைவோ காரணமாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ, விலை எதுவானாலும் அரிய நூலோ போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி, உங்கள் கல்லூரியை நேரடியாகக் கட்டாது. ஆனாலும் தணிக்கையாளரிடமும் நிர்வாகக் குழுவிடமும் அளவுகோலாக வைக்க இதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 16,000 முறை புத்தகங்கள் கைமாறுகின்றன என்றால் ஏற்கத்தக்க இழப்பு 80. நீங்கள் மூன்று வருடத்துக்கே 64தான் சொல்கிறீர்கள்.

ஒரு தொழில் சூட்சுமம். விதி, வீட்டுக்குக் கொடுத்ததை மட்டும் எண்ணவில்லை, உள்ளே உட்கார்ந்து படித்ததையும் எண்ணுகிறது. நம்மில் பலர் அதைப் பதிவதே இல்லை. மாலையில் மேசைகளில் கிடக்கும் புத்தகங்களை அலமாரிக்கு அனுப்புவதற்கு முன் எண்ணி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நூலகம் எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

உங்கள் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தை வருடந்தோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே விதிதான். 20,000க்கு மேல் 50,000 வரை என்றால்தான் மூன்று வருடம். நிர்வாகத்தின் வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் அங்கேதான் பிடிப்பார். சரிபார்ப்புக்கு ஆள் கேட்டு நீங்கள் எழுதிய கடித நகல்கள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். இல்லையென்றால் இந்த வருடமே எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி: பையை வெளியே வைக்கச் சொல்கிறோம், கேமரா வைத்தோம், திருட்டு நிற்கவில்லை. மாணவர்களை அலமாரிப் பக்கமே விடாமல், சீட்டு எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்துத் தரும் பழைய முறைக்கே போனால் என்ன?
— பேராசிரியர், மல்லேஸ்வரம்

பதில்: இந்தக் கேள்வி பெங்களூரிலிருந்து வருவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புத்தகத்தைச் சங்கிலியிலிருந்து அவிழ்க்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய மனிதர் கடைசி வருடங்களைக் கழித்தது உங்கள் ஊரில்தான்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது அங்குள்ள பொது நூலகங்களில் மக்கள் தாங்களே அலமாரிக்குப் போய் நூலெடுப்பதைப் பார்த்தார். லண்டன் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் 1894இல் தொடங்கிவைத்த முறை அது. ரங்கநாதன் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1931இல் வந்த அவருடைய நூலகவியலின் ஐந்து விதிகள் நூலில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்ற மூன்றாம் விதிக்குத் திறந்த அலமாரிதான் முதல் வழி. 1957இல் பெங்களூருக்குக் குடிவந்து, 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். மைசூர் சாலையில் இன்றும் அது இயங்குகிறது. 1972இல் இங்கேயே காலமானார்.

அவர் ஒன்றும் வெகுளியல்ல. கிளார்க்கன்வெல் முறைக்கே "காவலுள்ள திறந்த அலமாரி" என்றுதான் பெயர். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல், இரண்டும் கவுன்டர் ஊழியரின் கண்ணெதிரே, ஜன்னலுக்கு வலை. எத்தனையோ லட்சம் கொடுத்து ஆர்.எஃப்.ஐ.டி. கேட் மாட்டிவிட்டு, பின்பக்கம் ஸ்டாஃப் ரூம் வழியாகப் போகும் கதவைத் திறந்தே போட்டிருக்கும் கல்லூரிகள் இந்தப் பாலபாடத்தைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். கேட்டும் எல்லாம் செய்துவிடாது. பின்னட்டையில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டிய டேக்கைப் பிய்த்தால் அது வாய் திறக்காது. அறுத்தெடுத்த பத்துப் பக்கம் சட்டைப் பையில் போனாலும் திறக்காது.

பூட்டிவைத்தால் திருட்டு குறையும், மறுக்கவில்லை. வாசிப்பும் குறையும். தேடிப்போன புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு புத்தகத்தால் திசை மாறிய படிப்பு உங்களுக்கும் இருந்திருக்கும். சீட்டு எழுதிக் கொடுக்கிற மாணவனுக்கு அது நடக்காது. அரிய நூல்கள், பழைய பத்திரிகைத் தொகுப்புகள், மறுபடி வாங்க முடியாதவை ஆகியவற்றைப் பூட்டுங்கள். மற்றவற்றைத் திறந்துவிட்டு, அதிகம் தேடப்படும் பாடநூல்களுக்குப் பிரதியைக் கூட்டுங்கள், இரவுக்கு மட்டும் கடன் கொடுங்கள்.

கேள்வி: அரிய நூல்களைப் பூட்டிவிட்டால் கவலையில்லைதானே?
— ஆய்வு மாணவி, அல்சூர்

பதில்: சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னெகி நூலகத்தின் அரிய நூல் அறையிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் போயிருந்தன. மதிப்பு சுமார் 80 லட்சம் டாலர். எடுத்தவர் அந்த அறையைப் பல்லாண்டு கவனித்துக்கொண்ட காப்பாளர். விற்றது ஒரு பழம்புத்தக வியாபாரி. இருவரும் 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகர ஜிரோலாமினி நூலகத்தை 2012இல் சூறையாடியது அதன் இயக்குநரே. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பிட்ஸ்பர்க்கில் 1991இல் மதிப்பீடு செய்த பிறகு 2017இல்தான் மறுபடி செய்தார்கள். நடுவில் இருந்த கால் நூற்றாண்டு திருடனுக்கு வசதியாகப் போயிற்று.

நம் பக்கத்துக் கதை தஞ்சாவூர். 1715இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு, சரபோஜி மன்னரின் கையெழுத்துள்ள பிரதி, சரசுவதி மகால் அருங்காட்சியகத்திலிருந்து 2005இல் மறைந்தது. துப்புக் கிடைக்கவில்லை என்று வழக்கை மூடிவிட்டார்கள். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு பிறகு அதைக் கையிலெடுத்து, 2022இல் லண்டனில் ஒரு சேகரிப்பில் அது இருப்பதைக் கண்டுபிடித்தது. இன்ன பிரதிதான் என்று சொல்ல அடையாளம் இருந்தால்தான் இப்படித் தேட முடியும். அரிய நூல் ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து, கறை, புழு அரித்த துளை, பைண்டிங்கில் உள்ள தழும்பு உட்பட விவரம் எழுதிப் படமெடுத்து வையுங்கள். ஆய்வு மாணவியான நீங்களே உங்கள் துறையில் இதைத் தொடங்கலாம்.

கேள்வி: அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலில் ஒரு கல்லூரி முத்திரை இருக்கிறது. திருட்டுப் பொருளா?
— வங்கி ஊழியர், சிவாஜிநகர்

பதில்: உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். பழைய பதிப்புகளை நூலகங்கள் முறைப்படி கழித்து எடைக்குப் போடுவதுண்டு. கழித்த நூலில் அதற்கான முத்திரை இருக்க வேண்டும், அல்லது நூலின் சேர்க்கை எண் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், தலைப்புப் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். பல நூலகங்கள் வெளியே சொல்லாமல் ஏதாவது ஒரு பக்க எண்ணைத் தேர்ந்தெடுத்து, எல்லா நூலிலும் அந்தப் பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்திவைக்கும். எடுத்தவருக்கு அது தெரியாது. நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். கண்ணில் பட்டால் சேர்க்கை எண்ணைக் குறித்து அந்தக் கல்லூரி நூலகத்துக்கு எழுதுங்கள். தெரியாமல் வாங்கியது குற்றமாகாது. தெரிந்த பிறகும் வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

கேள்வி: என் மகன் நூலகப் புத்தகத்தைப் பையில் மறைத்து எடுத்துப் பிடிபட்டான். போலீசுக்குப் போவார்களா?
— பெயர் வேண்டாம், கே.ஆர். புரம்

பதில்: சட்டப்படி அது திருட்டுத்தான். ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை எடுத்து முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், தண்டனை சமூக சேவை என்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் அதுவரை போவதில்லை. அபராதம், எச்சரிக்கைக் கடிதம், சில மாதம் நூலக அனுமதி ரத்து என்று முடித்துக்கொள்கின்றன. மகனைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பேசுங்கள். கிழிந்த புத்தகங்களை ஒட்டும் வேலையை ஒரு மாதம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். என் அனுபவத்தில் அபராதத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: கல்லூரியில் எடுத்த ஒரு புத்தகம் முப்பது வருடமாக என் வீட்டிலேயே இருக்கிறது. நோ டியூ சர்ட்டிஃபிகேட்கூட எப்படியோ வாங்கிவிட்டேன். சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டு வரலாமா?
— பெயர் வேண்டாம், ஜெயநகர்

பதில்: வேண்டாம். அந்த நூலை எப்போதோ கணக்கிலிருந்து நீக்கியிருப்பார்கள். நீங்கள் செருகிவிட்டுப் போனால் அலமாரியில் இருக்கும், பட்டியலில் இருக்காது. தேடுகிற யாருக்கும் அகப்படாது. அடுத்த சரிபார்ப்பில் ஊழியர்கள் வேறு தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். கவுன்டரில் கொடுங்கள். கூச்சமாக இருந்தால் சேர்க்கை எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து நூலகர் பெயருக்குத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் பெயர் எழுத வேண்டியதில்லை.