விளிம்பில் என்ன நடக்கிறது? – அட்டவணைச் செயலியில் ஒரு நீரோட்டம்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பாய்ஸொய் சமன்பாட்டைத் தருவிக்கும்போது, 'குழாய்ச் சுவரைத் தொடும் திரவ அடுக்கு ஓய்வில் இருக்கும்' என்ற நிபந்தனை வரும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எழுப்ப நான் செய்யும் செயல்பாடு இது.

முதலில் வகுப்பறை மின்விசிறியைக் காட்டுகிறேன். அவ்வளவு வேகமாகச் சுழன்றும் இறக்கையில் தூசி ஒட்டியிருக்கிறதே, எப்படி? இறக்கையைத் தொடும் காற்று இறக்கையுடன் சேர்ந்தே நகர்கிறது. பரப்பைத் தொடும் பாய்மம் பரப்பின் வேகத்தையே பெறும்.

செயல்பாடு

உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் ஒரு நிரலில் 11 நுண்ணறைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு நீர் அடுக்கின் வேகம். தொடக்கத்தில் எல்லாம் 0. அடுத்த நிரலில் நடுவிலுள்ள 9 அறைகளுக்கும் ஒரே விதி: முந்தைய நிரலில் மேல், கீழ் அடுக்குகளின் சராசரியுடன் 1ஐக் கூட்டுக. சராசரி, பாகியலைக் குறிக்கிறது. 1, நீரை முன்னே தள்ளும் விசையை. இதை 500 நிரல்களுக்கு நகலெடுக்க வேண்டும். இனி மாற்றுவது முதல், கடைசி நிரைகளை மட்டுமே. இவையே எல்லை நிபந்தனைகள்.

1. இரு முனைகளிலும் 0 (இரு தட்டுகளுக்கிடையே ஓட்டம்): விடை 0, 9, 16, 21, 24, 25, 24, 21, 16, 9, 0. வரைபடம் பரவளையம்.

2. கடைசி நிரை 0. முதல் நிரை, அதே நிரலில் தனக்குக் கீழுள்ள அறைக்குச் சமம் (திறந்த வாய்க்கால்): மேற்பரப்பில் வேகம் ஏறக்குறைய 90.

3. இரு முனைகளும் அடுத்துள்ள அறைக்குச் சமம்: ஒவ்வொரு நிரலிலும் எண் 1 கூடிக்கொண்டே போகிறது, முடிவே இல்லை.

கலந்துரையாடல்

விதி ஒன்றே, விடைகள் மூன்று. மூன்றாவதில் நீரைத் தடுக்கச் சுவரே இல்லை. தள்ளும் விசை மட்டும் இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும் என்பதை நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து மாணவர்களே சொல்லிவிடுவார்கள். கணினியோ எந்தப் பிழைச்செய்தியும் காட்டுவதில்லை. விமான இறக்கையைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணிக்கும் பொறியாளருக்கும் இதே பொறுப்பு உண்டு: நுழைவாயில், வெளிவாயில், சுவர் ஆகியவற்றில் என்ன நடக்கிறது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கணினி இல்லாத வகுப்பில் கரும்பலகையில் 5 கட்டங்கள் போதும். விடை 0, 3, 4, 3, 0.

மாணவர்களுக்கு ஒரு கேள்வி: 1ஐக் கூட்டாமல், மேல் தட்டை மட்டும் 10 என்ற வேகத்தில் நகர்த்தினால் வரைபடம் எப்படியிருக்கும்? கணினியைத் தொடுமுன் ஊகித்து வரையச் சொல்லுங்கள்.