பழைய எயார் ரைபிளின் பெறுமதி: கலந்த பாகங்களைக் கண்டறிவது எப்படி?

அண்மையில் ஒரு சகோதரர், துணியில் சுற்றிய பழைய எயார் ரைபிள் ஒன்றுடன் எனது கடைக்கு வந்தார். அவருடைய வாப்பா மௌத்தாகி நான்கு மாதங்கள். சொத்துப் பங்கீடு நடந்துகொண்டிருக்கிறது. தோட்டத்துத் துரை ஒருவர் நாடு திரும்பும்போது பாட்டனாருக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கியாம். இளைய தம்பி அதைத் தனது பங்கில் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ள விரும்புகிறார். ஒரு கடைக்காரர் அது ஒரு இலட்சம் ரூபா பெறும் என்று சொல்லியிருக்கிறார்.

"நானா, நீங்களும் ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க. தங்கச்சிமாரும் இருக்கிறாங்க. யாருக்கும் அநியாயம் நடந்திடக் கூடாது" என்றார்.

நான் அரை மணித்தியாலம் பார்த்தேன். அது ஒரு துப்பாக்கி அல்ல. இரண்டு, மூன்று துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒன்று. பழைய பொருட்களை வாங்கி விற்கும் நமது சகோதரர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்; சிலர் அறியாமலே ஏமாற்றியும் விடுகிறார்கள். எனவே இவ்வாரம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. குண்டு உள்ளே இல்லை என்று உறுதி செய்யாமல் எந்தத் துப்பாக்கியையும் கையாளாதீர்கள். குண்டு போடாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பதும் கூடாது. ஸ்பிரிங்கால் தள்ளப்படும் பிஸ்டன் முன்பக்கம் மோதிச் சேதமடையும். வாங்கும் முன்பும் விற்கும் முன்பும் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொலிஸ் நிலையத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

யார் செய்தது?

மோட்டார் சைக்கிளால் நமது மூத்தவர்களுக்கு அறிமுகமான பி.எஸ்.ஏ. கம்பனி, பெயரிலேயே ஆயுதக் கம்பனிதான். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1861 இல் ஆரம்பிக்கப்பட்டது. அதே நகரத்துத் துப்பாக்கி வினைஞர் லிங்கன் ஜெப்ரீஸ் என்பவரின் வடிவமைப்பில் 1905 முதல் எயார் ரைபிள் செய்தது. குழல் அசையாமல் நிற்க, அதன் கீழுள்ள நெம்புகோலை இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும் முறை அது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய அடையாளம் இக்கம்பனியின் முத்திரை.

ஜேர்மனியின் டயானா துப்பாக்கியைச் செய்தது 1890 இல் ராஸ்டாட் நகரில் தோன்றிய மேயர் அன்ட் கிராமெல்ஸ்பாகர் கம்பனி. வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடிக்கும் பெண் உருவம் அதன் முத்திரை. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் இக்கம்பனியின் இயந்திரங்களும் டயானா என்ற பெயரும் ஸ்கொட்லாந்தின் மில்ப்ரோ கம்பனிக்குப் போயின. ஆகவே டயானா என்ற ஒரே பெயரில் இரண்டு நாட்டுத் துப்பாக்கிகள் உண்டு. இவற்றின் பாகங்கள் அளவில் நெருங்கியவை என்பதால் ஒன்றின் பாகம் மற்றதில் வந்து சேர்வது புதுமையல்ல.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. பிரித்தானியாவில் தனது பழைய பெயரைப் பயன்படுத்த முடியாத அந்த ஜேர்மன் கம்பனி, அங்கே 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்றது. துப்பாக்கியில் அச்சொல் பொறிக்கப்பட்டிருந்தால் அது வியாபாரப் பெயர் மாத்திரமே. எல்லாப் பாகமும் அசல் என்பதற்கு அது சான்றாகாது.

பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

ஒன்று, இலக்கம். பி.எஸ்.ஏ. துப்பாக்கியில் விசை பொருத்தப்பட்டுள்ள இரும்புக் கட்டியில் தொடரிலக்கத்தைத் தேடுங்கள். 1919 இன் பின் வந்தவற்றில் இலக்கத்துக்கு முன் எழுத்தும் இருக்கும். எல் என்றால் லைட், எஸ் என்றால் ஸ்டாண்டர்ட். லைட் குட்டையானது, பாரம் குறைந்தது. எழுத்து ஒன்று சொல்ல, உடலின் நீளம் வேறொன்று சொன்னால் சந்தேகப்படுங்கள். இலக்கம் இரண்டு இடங்களில் இருந்தால் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். அரத்தால் ராவி அழித்த தடம் இருந்தால் அப்பொருளைத் தொடவே வேண்டாம்.

இரண்டு, குழலின் அளவு. அக்காலத்தில் .177 அங்குலத்தை நம்பர் 1 என்றும், .22 ஐ நம்பர் 2 என்றும், .25 ஐ நம்பர் 3 என்றும் அழைத்தார்கள். பொறித்திருக்கும் அளவும் குழலின் உண்மையான அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1930 களில் வந்த வெப்லி சேர்விஸ் மாதிரிக்கு இம்மூன்று அளவிலும் மாற்றிப் பூட்டும் குழல்களைக் கம்பனியே விற்றது. அங்கே வேறு குழல் என்பது குறையல்ல. மேலதிகக் குழல் கூட இருந்தால் விலை கூடும்.

மூன்று, மரம். பி.எஸ்.ஏ. யின் கட்டை வோல்நட் மரம். இரும்பும் மரமும் சேரும் இடத்தில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா, கைப்பிடியில் கம்பனி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நமது நாட்டில் உடைந்த கட்டைக்குப் பதிலாகத் தேக்கில் செய்து போட்டவை உண்டு. வேலை அழகாக இருக்கலாம், அசல் ஆகாது.

நான்கு, திருகாணிகளும் குறிகாட்டியும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் மரைகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை. மில்லிமீற்றர் ஆணியொன்று அதில் இறுக்கப்பட்டிருந்தால், பின்னால் வந்த யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஐந்து, மேற்பூச்சு. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் இயந்திரத்தில் பொலிஷ் பண்ணியிருக்கிறார்கள். நீலப் பூச்சின் அடியில் துருக் குழிகள் தெரிந்தால் அது புதிதாகப் பூசியது. ஒரு பாகம் புதிதாகவும் அடுத்த பாகம் நரைத்தும் இருந்தால் இரண்டும் ஒன்றாக வாழ்ந்தவை அல்ல.

எது குறையல்ல?

ஸ்பிரிங்கும் பிஸ்டனின் தோல் வொஷரும் தேய்ந்து போகும் பொருட்கள். நூறு வருடத் துப்பாக்கியில் அவை மாற்றப்பட்டிருப்பது இயல்பு. அதற்காக விலையைப் பெரிதாகக் குறைப்பது விற்பவருக்குச் செய்யும் அநியாயம். கழற்றிய பழைய பாகம் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கணக்குப் போடும் முறை

நான் கையாளும் முறை இது. அதே மாதிரி, அதே நிலைமையில், எல்லாப் பாகமும் அசலாக இருந்தால் பெறும் விலையை 100 என்று வைப்பேன். கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்ற விலையையே எடுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு குறைக்கும் கழிப்பேன். இலகுவில் மீண்டும் கிடைக்கும் பாகத்துக்குச் சிறிது, கிடைக்காத பாகத்துக்குப் பெரிது. கடைசியாக, கழற்றி உதிரிப்பாகமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பேன். விலை அதற்குக் கீழே போகாது.

அந்தச் சகோதரரின் துப்பாக்கியில் கட்டை தேக்கு. அதற்கு 30 கழித்தேன். இரண்டு இடங்களில் இருந்த இலக்கங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, அதற்கு 25. பின்பக்கக் குறிகாட்டி வேறு கம்பனியுடையது, மில்லிமீற்றர் ஆணியில் நின்றது, அதற்கு 10. மிகுதி 35. எல்லாம் அசல் என்றால் ஒரு இலட்சம் என்பது நியாயமான விலைதான். அந்தக் கடைக்காரர் முத்திரையை மாத்திரம் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே இது 35,000 ரூபா பெறும்.

மறைத்தால் என்ன?

சகோதரர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு மெதுவாக, "தம்பி ஒரு இலட்சத்துக்கே சம்மதிச்சிட்டாரு நானா. இதைக் கட்டாயம் சொல்லணுமா?" என்று கேட்டார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. தம்பியின் பங்கில் ஒரு இலட்சம் கழிந்தால் மற்றவர்களுக்கு, தங்கைமாருக்கும் சேர்த்து, கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் தம்பியின் உரிமையிலிருந்து அவர் அறியாமல் எடுக்கப்படுவது.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மழை பெய்தது அவ்வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். பாகங்கள் கலந்திருப்பதும் அப்படித்தான். கலந்த துப்பாக்கியை விற்பது பிழையல்ல. கலந்தது என்று சொல்லாமல் விற்பதே பிழை.

மறைந்திருந்த குறையைப் பின்னர் கண்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குறையை அறிந்த மூன்றாமவரும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அவருக்கு மட்டுமல்ல, பார்த்துவிட்ட எனக்கும் அந்தப் பொறுப்பு வந்துவிட்டது. இதை அவரிடம் சொன்னேன். எனது தொழிலின் ஆரம்ப காலத்தில் கலந்த பாகமுள்ள துப்பாக்கி ஒன்றை அசல் என்று நம்பி விற்று, வாங்கியவர் இலக்கங்களைக் காட்டியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்ததையும் சொன்னேன். அன்று போன பணத்தை விட, அவர் என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சகோதரர் தம்பியையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு இடமாகத் தம்பிக்குக் காட்டினேன். தேக்குக் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "இது வாப்பா செய்விச்சது நானா. நான் சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள மரத்துல ஏறி இதை விழுத்தி உடைச்சது நான்தான்" என்றார். 35,000 ரூபா என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள்.

வியாபாரச் சகோதரர்களே! பழைய பொருள் எதுவானாலும், மணிக்கூடோ தையல் மெசினோ துப்பாக்கியோ, பற்றுச்சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: எந்தப் பாகம் அசல், எந்தப் பாகம் மாற்றியது. அந்த ஒரு வரியால் விலை குறையலாம். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ்.