கால் எலும்பு முறிந்தால்...

ஈ.சி.ஆரில் பைக் சறுக்கினாலும், மாமல்லபுரம் பாறையில் வழுக்கினாலும்:

● காலை நீவாதீர்கள், இழுத்து நேராக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே அட்டையோ கட்டையோ வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி துணியால் கட்டுங்கள். இறுக்க வேண்டாம்.

● எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் சுத்தமான துணியால் மூடுங்கள்.

● அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சாப்பிட, குடிக்க எதுவும் தராதீர்கள்.

● 108-ஐ அழையுங்கள். சாலை விபத்துக்கு, 2021-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், அரசு நிர்ணயித்த வரம்புக்குள் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

● மாவுக்கட்டு போட்டபின் விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி கூடினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

● வழுக்கி விழுந்து எலும்பு முறிவதைத் தவிர்க்க, வீட்டில் முதியோர் இருந்தால் குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள்.