சூரிய மண்டலத்தை அளந்து கற்பித்தல்: திருச்சானூரை மையமாகக் கொண்ட ஒரு பாடம்

சூரிய மண்டலத்தைப் பற்றிய பாடம் இன்று எல்லாப் பள்ளிகளிலும் நடத்தப்படுகிறது. கிரகங்களின் பெயர்களை வரிசையாகக் கூறும்படி கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் தடையின்றிக் கூறிவிடுவர். ஆனால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் எத்தனை பூமிகளை வரிசையாக வைக்கலாம் என்று கேட்டால், பத்து என்றும் இருபது என்றும் விடை வரும். உண்மையில் பதினோராயிரத்துக்கு மேல் வைக்கலாம்.

இப்பிழைக்கு மாணவர்களைக் குறை கூறுவது பொருந்தாது. பாடநூலின் ஒரு பக்கத்தில் சூரியனையும் எட்டுக் கிரகங்களையும் அடக்கிக் காட்ட வேண்டியிருப்பதால், படம் வரைவோர் கிரகங்களைப் பெரிதாக்கித் தூரங்களைச் சுருக்கிவிடுகின்றனர். ஒரே படத்தில் உருவத்துக்கு ஓர் அளவும் தூரத்துக்கு வேறோர் அளவும் கையாளப்படுகின்றன. இப்படமே மாணவனின் மனத்தில் பதிந்து, வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடுகிறது. எனவே இப்பாடத்தில் ஆசிரியர் முதலில் செய்யத்தக்கது, பெயர்களை மனப்பாடம் செய்விப்பதற்கு முன்னால் தூரத்தை உணரச் செய்வதேயாகும். இதற்கு விலையுயர்ந்த உபகரணம் எதுவும் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், சமையலறையில் கிடைக்கும் சில பொருள்களும், நடப்பதற்கு ஒரு பாதையும் இருந்தால் போதும்.

அளவுத்திட்டம்

ஆந்திர மாநிலத்தில், தமிழ் யாத்திரிகர்கள் அலர்மேல்மங்காபுரம் என்று வழங்கும் திருச்சானூர், திருப்பதி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சூரிய மண்டலத்தை நூறு கோடி மடங்கு சுருக்கினால், சூரியனைத் திருச்சானூரில் வைக்கும்போது கடைசிக் கிரகமாகிய நெப்ட்யூன் திருப்பதி நகருக்கு அருகில் வந்து நிற்கும். பலருக்கும் பழக்கமான தூரம் இது. ஆகையால் எடுத்துக்காட்டுக்கு ஏற்றது. வேறு ஊர்களில் பணிபுரிவோர் தம் ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றோர் ஊரை இவ்வாறே எடுத்துக்கொள்ளலாம்.

இத்திட்டத்தின்படி 1,000 கிலோமீட்டர் ஒரு மில்லிமீட்டராகவும், 10 லட்சம் கிலோமீட்டர் ஒரு மீட்டராகவும், 100 கோடி கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டராகவும் ஆகும். உருவத்துக்கும் தூரத்துக்கும் இவ்வொரே அளவைக் கடைப்பிடித்தல் வேண்டும். இதுவே இப்பாடத்தின் உயிர்.

சூரியனின் விட்டம் சுமார் 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர். ஆகவே மாதிரியில் அது 1 மீட்டர் 39 சென்டிமீட்டர் ஆகும். ஒரு பெரிய மாட்டு வண்டிச் சக்கரம் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும். சக்கரம் கிடைக்காவிடில் 70 சென்டிமீட்டர் கயிற்றைக் கொண்டு சுவரில் வட்டம் வரைந்து மஞ்சள் பூசலாம். பிற பொருள்கள் பின்வருமாறு:

புதன்: 5 மில்லிமீட்டர், கொத்தமல்லி விதை, சூரியனிலிருந்து 58 மீட்டர்.
வெள்ளி: 12 மில்லிமீட்டர்; சுண்டைக்காய்; 108 மீட்டர்.
பூமி: 12.7 மில்லிமீட்டர்; மற்றொரு சுண்டைக்காய்; 150 மீட்டர்.
செவ்வாய்: 7 மில்லிமீட்டர், உலர்ந்த பட்டாணி, 228 மீட்டர்.
வியாழன்: 14 சென்டிமீட்டர், உரித்த பெரிய தேங்காய், 778 மீட்டர்.
சனி: 12 சென்டிமீட்டர், சற்றுச் சிறிய தேங்காய், 1.43 கிலோமீட்டர்.
யுரேனஸ்: 5 சென்டிமீட்டர்; எலுமிச்சம்பழம்; 2.87 கிலோமீட்டர்.
நெப்ட்யூன்: 5 சென்டிமீட்டர், மற்றோர் எலுமிச்சம்பழம், 4.5 கிலோமீட்டர்.

சந்திரனுக்கு மூன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய மிளகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பூமியாகிய சுண்டைக்காயிலிருந்து 38 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

நடந்து காட்டும் முறை

செவ்வாய் வரையிலான நான்கு கிரகங்களைப் பள்ளி மைதானத்திலும் அதை ஒட்டிய தெருவிலும் வைத்துவிடலாம். மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் கிரகத்தின் தூரத்தை அளந்து நிற்கும்படி செய்க. வியாழன் வரை ஆசிரியர் துணையுடன் ஒருமுறை நடப்பது நலம். அதற்கப்பால் உள்ளவற்றை வகுப்பறையில் ஊர்ப் படத்தின்மீது குறித்தாலே போதும். யாத்திரிகர்களின் வண்டிகள் ஓயாது செல்லும் சாலைகளில் சிறுவர்களை அழைத்துச் செல்லுதல் கூடாது.

பூமியின் இடத்தில் நிற்கும் மாணவர்கள் திரும்பிச் சக்கரத்தைப் பார்க்கட்டும். 150 மீட்டருக்கு அப்பால் அது மிகச் சிறியதாகத் தெரியும். வானத்தில் சூரியன் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறதோ, ஏறக்குறைய அதே அளவுதான் அது. மாதிரி சரியாக அமைந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று.

இங்கேயே ஒளியின் வேகத்தையும் உணர்த்தலாம். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இம்மாதிரியில் அது 30 சென்டிமீட்டர், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய ஓர் அடி. ஒரு மாணவன் விநாடிக்கு ஓர் அடி வீதம் சக்கரத்திலிருந்து நடந்து வந்தால், பூமியை அடைய எட்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகும். நெப்ட்யூனை அடைய நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

கிரகங்கள் நிலையாக நிற்பவை அல்ல என்பதையும் மறவாது கூறுதல் வேண்டும். இம்மாதிரியில் பூமி நாளொன்றுக்குச் சுமார் 2 மீட்டர் 57 சென்டிமீட்டர் நகரும். புதன் 4 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும், வியாழன் 1 மீட்டர் 13 சென்டிமீட்டரும், நெப்ட்யூன் 47 சென்டிமீட்டரும் நகரும். சூரியனை விட்டு விலகும்தோறும் வேகம் குறைவதை மாணவர்கள் இவ்வெண்களிலிருந்து தாமே கண்டுகொள்வர். நெப்ட்யூன் ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 165 ஆண்டுகள் ஆவதன் காரணமும் அப்போது விளங்கும்.

கிரகணமும் மிளகும்

பூமியின் இடத்தில் நிற்கும் மாணவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அம்மிளகை மறு கண்ணுக்கு 38 சென்டிமீட்டர் முன்னால் ஒரு மெல்லிய ஊசி முனையில் நிறுத்திப் பார்த்தால், வண்டிச் சக்கரம் கிட்டத்தட்ட முழுவதும் மறைந்துவிடும். விட்டத்தில் நானூறு மடங்கு பெரிய சூரியனைச் சிறிய சந்திரன் மறைப்பது இவ்வாறுதான். மிளகைச் சற்றே விலக்கினால் சக்கரத்தின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும். 2019 டிசம்பர் 26ஆம் நாள் கோயம்புத்தூர், திண்டுக்கல் முதலிய இடங்களில் காணப்பட்ட கங்கண சூரிய கிரகணம் இத்தகையதே. அன்று சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்தது.

அமாவாசைதோறும் ஏன் கிரகணம் நிகழ்வதில்லை என்று அறிவுள்ள மாணவன் கேட்பான். சந்திரனின் பாதை, பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கு அருகில் அமாவாசை நேரும்போது மட்டுமே சூரிய கிரகணம் உண்டாகும். இவ்விரு புள்ளிகளையே நம் முன்னோர் ராகு, கேது என்று பெயரிட்டுக் கணித்தனர்.

இச்சோதனையை மாதிரிச் சக்கரத்தைக் கொண்டு மட்டுமே செய்ய வேண்டும். உண்மைச் சூரியனை வெறுங் கண்ணாலோ, புகை படிந்த கண்ணாடி வழியாகவோ, தண்ணீரில் தெரியும் பிம்பமாகவோ பார்த்தல் கூடாது. கண்ணின் விழித்திரை வலியின்றியே கெட்டுவிடக்கூடும். அட்டையில் சிறு துளையிட்டுச் சூரிய பிம்பத்தைச் சுவரில் வீழ்த்திக் காண்பதே பத்திரமான முறை.

ஒன்பதா, எட்டா?

கோயிலில் நவக்கிரகங்களை வலம் வரும் சிறுவன், பள்ளியில் எட்டுக் கிரகங்கள் என்று கேட்டால் குழப்பமடைவது இயல்பு. அவனை நகைப்பதும் தவறு. ஐயத்தைத் தீர்க்காமல் விடுவதும் தவறு. இரு பட்டியல்களும் இரு வேறு வினாக்களுக்கு விடையாக அமைந்தவை என்று ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும். பூமியிலிருந்து பார்க்கும்போது நட்சத்திரங்களினிடையே இடம் பெயர்பவை எவை என்பது பழைய வினா. அதனால் சூரியனும் சந்திரனும் அப்பட்டியலில் உள்ளன; மேற்கூறிய இரு புள்ளிகளும் சேர்ந்துள்ளன; பூமி இல்லை. சூரியனைச் சுற்றிவரும் பெரிய உருண்டைகள் எவை என்பது இன்றைய வினா. அதில் பூமியும், தொலைநோக்கியால் கண்டறியப்பட்ட யுரேனஸும் நெப்ட்யூனும் இடம்பெறுகின்றன. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் இரண்டிலும் உண்டு. திருச்சானூர்ப் பகுதியில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தமிழ் பேசும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருப்பின், இரு மொழிகளின் கிழமைப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதச் செய்து இவ்வைந்தையும் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

இன்றைய பட்டியலும் மாறாத ஒன்றன்று. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோ ஒன்பதாவது கிரகமாக எண்ணப்பட்டு வந்தது. 2006 ஆகஸ்டு 24ஆம் நாள் சர்வதேச வானியல் ஒன்றியம் அதனைக் குறுங்கிரகம் என வகைப்படுத்தியது. மாதிரியில் அது கடுகை ஒத்த சிறு பொருளே. பெயர்ப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு அம்மாற்றம் ஏமாற்றமாக இருந்தது. அளந்து அறிந்தவர்களுக்கோ அதன் காரணம் விளங்கியது.

நம் நாட்டில் நடந்த அளவைப் பணி

இத்தூரங்களை மனிதர் அறிந்தது எவ்வாறு என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். கிரகங்களின் தூரங்களுக்கிடையே உள்ள விகிதம் கெப்ளரின் காலத்திலேயே தெரிந்திருந்தது. ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் மைலில் அளந்தாலன்றி மற்றவை விளங்கா. வெள்ளிக் கிரகம் சூரிய பிம்பத்தின் குறுக்கே கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சி அதற்கு வாய்ப்பளித்தது. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதனைக் கண்டு நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம்.

1874 டிசம்பரில் அத்தகைய கடப்பு நிகழ்ந்தபோது, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரி முதல் உதவியாளராகப் பணியாற்றி வந்தார். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்த அவர், 1872இல் இங்கிலாந்தின் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். வரவிருந்த கடப்பைப் பொதுமக்கள் அறியவேண்டும் என்று கருதி, அதை விளக்கும் சிறுநூலை அவர் ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். பண்டிதர் ஒருவருடன் நடைபெறும் உரையாடலாக அது அமைந்திருந்தது. கேட்பவரின் பழைய அறிவிலிருந்து தொடங்கிப் புதிய அறிவுக்கு அழைத்துச் செல்லும் அம்முறை இன்றைய ஆசிரியர்க்கும் ஏற்றதாகும். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தூரத்தைக் குறிக்கும் அலகு இன்று 14,95,97,870.7 கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டுள்ளது. வெள்ளியின் கடைசிக் கடப்பு 2012 ஜூனில் நிகழ்ந்தது. அடுத்தது 2117 டிசம்பரில்தான்.

தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வுக்கூடத்தின் பணியையும் இங்குக் குறிப்பிடல் தகும். 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு மங்கிய நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. அதற்கு முன்பே அந்நட்சத்திரத்தின் ஒளி கணநேரம் மங்கியதை, விமானத்திலிருந்து நோக்கிய அமெரிக்க வானியலாரும், 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியே காவலூரில் நோக்கியவர்களும் பதிவு செய்தனர். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பது அந்நாளைய பதிவுகளிலிருந்து தெரியவந்தது. மாதிரியில் 2.87 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எலுமிச்சம்பழத்தைச் சுற்றிய மெல்லிய நூல்களை இங்கிருந்தே அறிந்ததற்கு இது ஒப்பாகும்.

மனிதன் சென்ற தூரம்

இறுதியாக, விண்கலங்களின் பயணத்தையும் அதே அளவுகோலால் அளக்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 கடந்தது, மாதிரியில் சுண்டைக்காயிலிருந்து மிளகுக்கு உள்ள 38 சென்டிமீட்டர். மனிதர் நேரில் காலடி வைத்ததும் அம்மிளகின் மீது மட்டுமே. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 பூமியிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் உள்ளது. 2013 நவம்பர் 5ஆம் நாள் ஏவப்பட்ட மங்கள்யான், செவ்வாயாகிய பட்டாணியின் அருகே செல்லப் பத்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 சுமார் 25 கிலோமீட்டர் சென்றுள்ளது. திருச்சானூரிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி செல்லும் தூரத்தைக்கூட அது இன்னும் எட்டவில்லை.

அப்படியானால் சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் எங்கே இருக்கும்? இதே அளவில் அது 40,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. திருச்சானூரிலிருந்து புறப்பட்டுப் பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் திருச்சானூருக்கே திரும்பி வரும் தூரம் அது.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. மாதிரியில் ஒரு வாரத்தில் பூமி எவ்வளவு தூரம் நகரும்?
2. நள்ளிரவில் உச்சிவானில் வெள்ளியைக் காண முடியாதது ஏன்? வியாழனைக் காண முடிவது ஏன்? மைதானத்தில் நின்று விளக்குக.
3. பழைய கிரகப் பட்டியலில் பூமி இடம்பெறாதது ஏன்?
4. பாடநூற் படத்தில் உருவமும் தூரமும் ஒரே அளவில் உள்ளனவா? அளந்து கூறுக.

நான்காம் வினாவுக்கு மாணவன் தானே அளந்து விடை கூறுவானாயின், பாடம் பயனளித்தது என்று ஆசிரியர் கொள்ளலாம்.