கருவியும் கலையும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திற்கு அண்மையில் உள்ள சிற்றூர் வடக்குப்பட்டு. 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழாய்வு நிகழ்த்தினர். ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் கற்கருவிகள் செய்யப்பட்ட இடம் இஃது என அவர்கள் கருதினர். பிற்கால மக்கள் வாழ்ந்த மேலடுக்குகளில் கண்ணாடி மணிகளும் பொன்னணிகளும் கிடைத்தன.

கற்கருவி, பயன்படுத்தியவனுக்கு உணவைத் தேடித் தந்தது. செய்தவனுக்கோ வேறொரு பயனையும் நல்கியது. எவ்விடத்தில் எவ்வளவு வலிவுடன் தட்டினால் கல் பிளக்கும் என்பதை அவன் கண்ணும் கையும் கற்றன, பொறுமை வளர்ந்தது. மணி வயிற்றை நிரப்பாது. எனினும், கோத்தவர்க்கும் அணிந்தவர்க்கும் உவகை தந்தது.

இன்று ஒரகடத்தில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்கு முழு வண்டியையும் ஒருவரே செய்வதில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு பணியையே மீண்டும் மீண்டும் செய்கின்றனர். இம்முறையால் வண்டிகள் விரைந்து உருவாகின்றன. மக்கள் பெரும்பயன் அடைகின்றனர். ஆயின், தாம் தொடங்கிய பொருளைத் தாமே முடித்து மகிழும் பேறு தொழிலாளர்க்கு அரிதாகின்றது. அக்குறையை ஓவியமும் இசையும் போன்ற கலைகள் ஓரளவு நிரப்பும்.

மாணவர்களே! ஒரு பொருளைக் காணும்போது அதன் பயனை மட்டும் எண்ணாதீர்கள். அதனைச் செய்த கைகளையும் எண்ணிப் பாருங்கள்.