சிக்கலே ஆசான்

நுழையும்முன்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. பொறியியல் கல்வியிலும் இக்கவலை நெடுங்காலமாக உண்டு. கோட்பாட்டைக் கற்றபின் சிக்கலைத் தீர்ப்பதா? சிக்கலை எதிர்கொண்டு அதற்குரிய கோட்பாட்டைத் தேடுவதா? இரண்டாம் வழியைத் தேர்ந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டறிவை இப்பாடம் விளக்குகிறது.

வரிசை மாறிய வகுப்பறை

வழக்கமான வகுப்பில் முதலில் பாடம், பின்னர் எடுத்துக்காட்டு, இறுதியில் கணக்கு. கணக்கிற்கு வேண்டிய தரவுகள் அனைத்தும் வினாவிலேயே அமைந்திருக்கும், விடையும் ஒன்றே. பணிக்களத்தில் பொறியாளர் காணும் சிக்கல் அத்தகையதன்று. அங்குத் தரவுகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. செலவும் எடையும் காலமும் ஒன்றோடொன்று முரண்படும்.

சிக்கல்வழிக் கற்றல், சிக்கலை முதலில் வைக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் இம்முறையை மருத்துவக் கல்வியில் தொடங்கியது. டென்மார்க்கில் 1974இல் நிறுவப்பெற்ற ஆல்போர்க் பல்கலைக்கழகம், சிக்கலை மையமாகக் கொண்ட திட்டப்பணியைப் பொறியியல் கல்வியின் அடித்தளமாக்கியது. அங்கு ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் சிறு குழுக்களாக இணைந்து ஒரு திட்டப்பணியை மேற்கொள்கின்றனர். படிப்பில் ஏறத்தாழப் பாதி திட்டப்பணிக்கும் மறுபாதி பாடவகுப்புகளுக்கும் உரியது. ஆசிரியர் விடை கூறுவதில்லை. விடை தேடுவோர்க்கு வழிகாட்டுகிறார்.

விண்ணில் ஒரு தேர்வு

ஆல்போர்க் மாணவர்கள் எடுத்துக்கொண்ட பணிகளுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் செயற்கைக்கோள். மின்கலம், கணினி, வானொலிக் கருவி, ஒளிப்படக்கருவி ஆகிய அனைத்தும் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கவேண்டும். மின்கலத்தைப் பெரிதாக்கினால் எடை கூடும். சிறிதாக்கினால் ஆற்றல் போதாது. இத்தகைய முரண்களுக்கு விடை தேடும்போது மின்னியலும் இயக்கவியலும் தேவையின் பொருட்டுக் கற்கப்படுகின்றன.

முதல் செயற்கைக்கோள் 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவிலிருந்து விண்ணில் ஏவப்பட்டது. அதன் குறிப்பலை வலுக்குன்றியிருந்தது. மின்கலத்தின் திறனும் குறைந்தது. சில மாதங்களில் அதன் பணி முடிவுற்றது. தேர்வுத்தாளில் தவறான விடை மதிப்பெண் இழப்போடு முடிந்துவிடும். இங்கோ, ‘ஏன் பழுதாயிற்று?’ என்பது அடுத்த பணிக்கான வினா ஆகிறது.

மாணவர்களின் இரண்டாம் செயற்கைக்கோளை 2008 ஏப்ரல் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி சுமந்து சென்றது. 2013 பிப்ரவரி 25 அன்று அங்கிருந்தே மூன்றாவதும் சென்றது. கிரீன்லாந்தைச் சூழ்ந்த கடலில் செல்லும் கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் குறிப்பலைகளைப் பெறுவது அதன் பணி.

தெரிந்து தெளிவோம்

பக்கத்திற்கு 10 செ.மீ. அளவுடைய கனசதுரச் செயற்கைக்கோள் ‘கியூப்சாட்’ எனப்படும். கலிபோர்னியா பாலிடெக்னிக் மாநிலப் பல்கலைக்கழகமும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் 1999இல் இதனை உருவாக்கத் தொடங்கின.

முறையும் வரம்பும்

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. வானலைவாங்கியை அமைத்தவர் மின்கலத்தைப் பற்றி அறியாதிருக்கலாம். உழைக்காதவரும் குழுவின் நிழலில் மதிப்பெண் பெறலாம். எடுத்த சிக்கலுக்குத் தேவைப்படாத அடிப்படைகள் கற்கப்படாமலே போகலாம். இதனாலேயே பாடவகுப்புகள் கைவிடப்படவில்லை. குழுவின் அறிக்கை குறித்து வாய்மொழித் தேர்வும் நடைபெறுகிறது.

வினாவோடு விடையும் அச்சிட்டுத் தரப்படும் வரை, மாணவரின் வேலை நினைவில் கொள்வதே. விடை எங்கும் அச்சேறாத வினாவை எதிர்கொள்ளும்போதுதான், கற்றவற்றுள் எது உண்மையில் தமக்குரியதாயிற்று என்பதை அவர் அறிகிறார்.