தள்ளும் ஈர்ப்பு: பெரம்பூர் வாசகருக்கு



ஈர்ப்பு விசை இழுப்பதில்லை, எல்லாத் திசைகளிலிருந்தும் பாயும் நுண்துகள்கள்தான் பொருள்களைத் தள்ளுகின்றன என்று விளக்கும் உங்கள் கட்டுரையைப் படங்களோடு முழுதாகப் படித்தேன். சூரியனும் பூமியும் ஒன்றுக்கொன்று மறைப்பாக நிற்பதால் நடுவில் அழுத்தம் குறைகிறது என்று வரைந்திருக்கிறீர்களே, அந்தப் படம் அழகு. ஜெனீவாவில் லெ சாஜ் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் இதே வழியில் யோசித்தார். தூரம் இரட்டித்தால் விசை கால்பங்காகும் என்ற நியூட்டன் விதியும் அதிலிருந்து தானாகவே வருகிறது. இதை அசட்டுத்தனம் என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு அந்த வரலாறு தெரியாது.

ஆனால் அந்தக் கோட்பாடு கணக்கில் விழுந்தது. பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எதிரே வரும் துகள்கள் பின்னாலிருந்து வருபவற்றைவிடப் பலமாக மோதும். அப்படியானால் பூமி வேகம் குறைந்து, சூரியனை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். துகள்களின் வேகத்தை மிக அதிகமாக வைத்துக்கொண்டால் இந்தத் தடை குறையும். ஆனால் பொருள்கள் அவற்றை உறிஞ்சும்போது பிறக்கும் வெப்பம் எகிறிவிடும். சில நொடிகளில் எல்லாமே வெண்சூடாகத் தகிக்கும் என்று 1875-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் காட்டினார். பின்னர் கணிதவியலாளர் புவாங்கரேயும் கணக்கிட்டு அதே முடிவுக்குத்தான் வந்தார்.

உங்கள் கட்டுரையில் இந்தக் கணக்கு மட்டுமல்ல, எந்தக் கணக்குமே இல்லை. என் வருத்தம் அதுதான். புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி கூடுதலாகத் திரும்புவதை 1915-இல் ஐன்ஸ்டைன் தம் சமன்பாடுகளிலிருந்தே எடுத்துக்காட்டினார். வானியலாளர்கள் அளந்துவைத்திருந்த எண்ணோடு அது பொருந்தாமல் போயிருந்தால் யாரும் அவரை நம்பியிருக்க மாட்டார்கள். ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்த உங்களுக்கு இப்படிச் சோதிப்பது புதிதல்ல. அங்கே உருவான ட்ரெயின் 18 ரயிலை, வரைபடம் நன்றாக இருக்கிறதே என்று ஆள் ஏற்றி அனுப்பிவிடவில்லை. 2018 டிசம்பரில் கோட்டா–சவாய் மாதோபூர் தடத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிச் சோதித்தார்கள்.

ராமானுஜனும் ஹார்பரில் குமாஸ்தாதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தம்மைப் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். ஆனால் அந்தக் கடிதத்தோடு தாள் தாளாகத் தேற்றங்கள் போயின. ஹார்டியாலும் அவருடைய சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டாலும் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க முடிந்தது. சில தவறு, சில ஏற்கெனவே தெரிந்தவை, சில அதுவரை யாரும் கண்டிராதவை. அதற்கும் முன்பே, 1911-இல், இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய கட்டுரை வந்துவிட்டது. பட்டம் இல்லாத குறையைத் தாளில் இருந்த கணக்கு தள்ளிவைத்தது.

எந்தப் பேராசிரியரும் பதில் போடவில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது. ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அதற்காக, அவர்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்ற கடைசிப் பக்கத்தை ஏற்க என்னால் முடியாது. அதை எடுத்துவிடுங்கள்.

பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூல் தமிழிலேயே இருக்கிறது. உந்தம் பற்றிய பாடத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் துகள்களுக்கு ஒரு வேகம் வையுங்கள், ஓராண்டில் பூமியின் வேகம் எவ்வளவு குறையும் என்று போட்டுப் பாருங்கள். அந்தத் தாளை அனுப்பினால் வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்